தண்ணிக்குக் காவல்

வாங்க தம்பி, வாங்க. இப்படி நெழல்ல வந்து உக்காருங்க. கான்ட்ராக்டர் போன் பண்ணிச் சொன்னாரு, சூலூர்ப் பக்கமிருந்து ஒருத்தரு வருவாரு, ஊட்டுல நீச்சல் குளம் கட்டோணும்னு ஆசைப்படறாரு, உங்களுதை ஒருக்காக் காட்டி உடுங்கன்னு. நல்லாப் பாருங்க. எறங்கிக் காலை நனைச்சும் பாருங்க. தண்ணி எப்படி இருக்குது பாத்தீங்களா, அடியில ஊசி கெடந்தாத் தெரியும். இப்ப ஒருத்தரும் எறங்கறதில்லை. இருந்தாலும் தெனமும் மோட்டார் ஓடுது, மருந்து போடறோம். காபி போட்டுக் குடுக்க ஊட்டுல பொம்பளை இல்லீங்க. இளநி வெட்டச் சொல்லியிருக்கறேன், வந்துரும்.

குளம் கட்டறது ஒண்ணும் பெரிய காரியம் இல்லீங்க தம்பி. தோண்டறதுக்கு ஒரு ஆளு, டைல்ஸ் ஒட்டறதுக்கு ஒரு ஆளு, அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாத்துக்குவாங்க. கட்டி முடிச்சதுக்கு அப்புறம் சொந்த ஊட்டுல யாரை நம்பறதுன்னு ஒண்ணு இருக்குது பாருங்க, அதைக் கான்ட்ராக்டர் சொல்ல மாட்டாரு. அதை நான் சொல்றேன். கேட்டுட்டுப் போயி அப்புறம் கட்டுங்க.

நமக்குத் தொழில் கோழிப்பண்ணைங்க. பல்லடம் ரோட்டுல சென்னியப்பன் பண்ணைன்னா யாரும் சொல்லுவாங்க. எனக்கு ஒரே மக. கோகிலவாணி. கட்டிக் குடுத்து ஆஸ்திரேலியாவுல இருக்கறா, பிரிஸ்பேன்னு ஒரு ஊரு. அவளுக்கு ஒரு பொண்ணு, மிதுனா. இன்னும் பள்ளிக்கூடம் சேக்கற வயசு ஆகலை. ஆனா அங்க அந்தப் புள்ள எந்நேரமும் தண்ணிக்குள்ளதானுங்க. முன்ன ஒருக்கா சித்திரையில இங்க வந்துச்சு. மேலெல்லாம் வேர்க்குரு. 'தண்ணி, தண்ணி'ன்னு ஒரே அழுகை. பாத்ரூம் பக்கெட்டுக்குள்ள உக்கார வெச்சுப் பாத்தோம், அடங்கலை. இருக்கறேன்னு சொன்ன நாளுக்குப் பாதியிலேயே கெளம்பிப் போயிட்டாங்க. ஏர்போர்ட்டுல இருந்து திரும்பி வர்றப்பவே நெனைச்சுட்டேன், அடுத்த தடவை இந்தப் புள்ளையை இங்கிருந்து கெளப்பறதுக்கு அவ அம்மா கெஞ்சோணும்னு.

யாருக்கும் சொல்லலை. மாமரம் ரெண்டு நின்னுது இந்த எடத்துல, எடுத்துட்டேன். கட்டி, டைல்ஸ் ஒட்டி, தண்ணி உட்டுட்டு மகளுக்கு வீடியோ போட்டுக் காட்டறேன். எப்படிக் குதிப்பான்னு பாத்துக்கிட்டு இருக்கறேன். புள்ள குதிச்சுதுங்க, 'அப்பிச்சி, அப்பிச்சி'ன்னு என்னையக் கூப்பிட்டுக்கிட்டு. இவ போனைக் கிட்டக் கொண்டாந்து உத்துப் பாக்கறா.

"நல்லாருக்குதுப்பா. வேலி எங்கப்பா?"

அதுதானுங்க மொதக் கேள்வி. ஏம்ப்பா இவ்வளவு செலவுன்னு கேட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். வேலி எங்கப்பா. எதுக்குக் கண்ணு வேலி, காம்பவுண்டு செவுரு ஆளு உசரத்துக்கு இருக்குது, திருடன்கூட வர முடியாதுன்னேன். 'திருடனுக்கு இல்லப்பா, மிதுனாவுக்கு'ன்னா.

அப்புறம் ஒரு பாட்டம் சொன்னா பாருங்க. சுத்தி நாலு பக்கமும் வேலி இருக்கோணுமாம். நெஞ்சு உசரத்துக்குக் கொறையக் கூடாதாம். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவால குழந்தை தலை நொழையக் கூடாதாம். வேலிக் கேட்டு குளத்துப் பக்கமாத் தொறக்கக் கூடாது, வெளிப் பக்கமாத்தான் தொறக்கோணும். எப்படித் தொறந்து உட்டாலும் தானாப் போயிச் சாத்திக்கோணும். தாழ்ப்பாள் புள்ளைங்க கைக்கு எட்டக் கூடாது. வேலியோரமா நாற்காலி ஆகாது, பூந்தொட்டி ஆகாது, மரக்கிளை ஆகாது, புடிச்சு ஏறிருமாம். ஊட்டுக்குள்ள இருந்து நேராக் குளத்துக்கு வாசக்கதவு வெக்கக் கூடாதாம். அங்கெல்லாம் இது சட்டமாம் தம்பி. ஆபீசரு வந்து டேப்பு வெச்சு அளந்து சர்டிபிகேட் குடுத்தாத்தான் ஊட்டை வாடகைக்கே உடலாமாம். இவங்க குடியிருந்த ஊட்டுல வேலிப் பக்கத்துல ஒரு எலுமிச்சைத் தொட்டி இருந்துச்சுன்னு அந்த ஆபீசரு பெயிலு பண்ணிட்டுப் போயிட்டாராம். எலுமிச்சைத் தொட்டிக்குங்க!

நான் வேலி போடாதவனா தம்பி? எம்பட பண்ணையில வந்து பாருங்க. கீரிப்புள்ள பூந்துரும்னு சுத்தியும் ரெட்டை வலை, அடியில மண்ணுக்குள்ள ஒரு முழம் எறக்கியிருக்கறேன். கதவுக்கு ஸ்பிரிங்கு. ஆளு மறந்துட்டுப் போனாலும் கதவு மறக்காது, தானாச் சாத்திக்கும். ஆனா அது கோழிங்க. அதுக்குப் புத்தி கெடையாது. குழந்தையைப் பாத்துக்க மனுசங்க இருக்கறாங்களே. ஊடு நெறைய மனுசங்களை வெச்சுக்கிட்டு வேலி எதுக்குங்கறேன்?

எங்க தோட்டத்துல மூணு கெணறு. எந்தக் கெணத்துக்கு வேலி இருந்துச்சு? நாங்கெல்லாம் வளந்து ஆளாகலியா? இதையே வசந்தாமணிகிட்டச் சொன்னேன். வசந்தாமணி எம்பட சம்சாரம். அவ, 'எந்தம்பி வளரலியே'ன்னா. அவ தம்பி ஒருத்தன் சின்னதுலயே கெணத்துல போயிட்டான். அது வேற கதைங்க. அது விதி, அவனுக்கு எழுதினது அவ்வளவுதான். கல்யாணமான நாள்ல இருந்து அந்தப் பேச்சையே எடுக்காதவ அன்னிக்கு என்னமோ சொன்னா. சரி உடுங்க.

பஞ்சாயத்து ஆபீசுலயும் போயிக் கேட்டேன், நம்ம ஊருல இதுக்குச் சட்டம் ஏதாச்சும் உண்டுங்களான்னு. கிளார்க்கு சிரிக்கறாரு. "ஏனுங்ண்ணா, பிளான்ல நீங்க காட்டினதே தண்ணித் தொட்டின்னுதானுங்களே. தண்ணித் தொட்டிக்கு எதுக்குங்க வேலி?"ன்னாரு. அதை அப்படியே மகளுக்குச் சொன்னேன். சிரிப்பான்னு பாத்தேன். 'சட்டம் இருந்தாலும் இல்லாட்டியும் தண்ணி ஒண்ணுதானப்பா. வேலி போடாம நான் மிதுனாவைக் கூட்டிக்கிட்டு வர மாட்டேன்'னு போனை வெச்சுட்டா.

எப்படி இருக்கும் பெத்தவனுக்கு? தோள்ல தூக்கி வளத்தின புள்ள. காச்சல்னா நான்தான் முழிச்சிருப்பேன், அவ அம்மாகூட இல்லை. அந்தப் புள்ள எம்பட கண்ணை நம்பலை, இரும்புக் கம்பியை நம்பறா. அங்கதானுங்க மொதல்ல குத்துச்சு.

போட்டேன். போடாம? பாருங்க, எவர்சில்வர் கம்பி, ஒண்ணும் சொல்ல முடியாது. கேட்டு அவ சொன்ன மாதிரியே. அதுக்கும் வீடியோவுல பரீட்சை. வசந்தாமணி டேப்பைப் புடிச்சுக்கிட்டு நிக்கறா, மக அங்கிருந்து 'இன்னும் கொஞ்சம் கீழம்மா, அங்கம்மா'ங்கறா. அம்மாளும் மகளும் சேந்துக்கிட்டா நமக்கு அங்க என்ன வேலை? இதோ இங்க ஒரு கல்லுப் பெஞ்சு போட்டிருந்தேன், சாயங்காலம் உக்காரலாம்னு. அதை எடுங்கன்னா. எடுத்தேன். கேட்டை முழுசாத் தொறந்து உடுன்னா, பாதி தொறந்து உடுன்னா, ஒரு விரக்கடை தொறந்து உடுன்னா. மூணு தடவையும் தானாப் போயி 'டிக்'குன்னு விழுந்துச்சு. அப்பத்தான் டிக்கெட் போட்டா.

வந்தாங்க. அந்த நாளுகளைச் சொல்லோணும் தம்பி. எம்பட ஆயுசுல அப்படி ஒரு காலம் இருந்ததில்லை, இனி வரப்போறதும் இல்லை. காலையில எந்திரிச்ச உடனே அந்தப் புள்ள வந்து வேட்டியைப் புடிச்சு இழுக்கும். எனக்கு நீச்சல் தெரியாதுங்க. சிரிக்காதீங்க, மூணு கெணத்துக்காரனுக்கு நீச்சல் தெரியாது. படியில உக்காந்து காலைத் தொங்க உட்டுக்குவேன். தண்ணிக்குள்ள மூஞ்சியை வெச்சு ஊதிக் காத்து முட்டை உடோணும்னு எனக்குச் சொல்லிக் குடுக்கும். நான் உட்டா மூக்குல ஏறிக்கும். கைகொட்டிச் சிரிக்கும். 'அப்பிச்சி பேபி'ங்கும். அவ அம்மா பக்கத்துலயே நிப்பா, கண்ணை எடுக்க மாட்டா. அது ஒண்ணுதான் எனக்கு உறுத்தல். நான் இருக்கறப்ப இவ எதுக்கு நிக்கறா?

புள்ளைக்குக் காது குத்து வெச்சோம். எங்களுக்குப் பையன் இல்லீங்க. காது குத்தோணும்னா தாய்மாமன் மடியில உக்கார வெக்கோணும், கோகிலவாணிக்குக் கூடப்பொறந்தவன் இல்லை. அப்ப பங்காளி மகன்தான் மாமன் மொறை. எம்பட பெரியப்பன் மகன் நாச்சிமுத்தண்ணன்னு ஒருத்தரு, அவரு மகனைத்தான் கூப்படோணும். அவருக்கும் எனக்கும் பேச்சு இல்லை. என்ன சண்டைங்கறீங்களா? கோகிலவாணி கல்யாணத்துல மண்டப வாசல்ல அவரை யாரும் 'வாங்க'ன்னு கேக்கலை. அவ்வளவுதான். நான் உள்ள ஐயருகூட நின்னுட்டு இருந்தேன், எனக்குத் தெரியாது. மனுசன் செருப்பைக்கூடக் கழட்டாம அப்படியே திரும்பிப் போயிட்டாரு. நம்ம பக்கத்துல உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொத்துல மோசம் பண்ணினாக்கூட ஒரு நாள் பேசிக்குவாங்க, வாங்கன்னு கேக்காதவனைச் சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டாங்க. ஊட்டுக்குப் போயி, காலைப் புடிக்காத கொறையாக் கூப்பிட்டு வந்தேன்.

மேடையை இங்கயே போட்டேன், குளத்தோரமா. ஒரம்பரை சனமெல்லாம் எதுக்கு வர்றாங்க? சோத்துக்கா? சென்னியப்பன் ஊட்டுக் குளத்தைப் பாக்கத்தான் வர்றாங்க. தண்ணி பூராவும் பூ மெதக்க உட்டோம், சாமந்தியும் ரோஜாவும். கேட்டுக்கு ரெண்டு பக்கமும் வாழைமரம், கொலை தள்ளின மரம். வாழைமரம் கட்டினாக் கேட்டு சாத்தாது. கேட்டைத் தொறந்து வேலியோட சேத்துக் கவுறு போட்டுக் கட்டிட்டாங்க டெக்கரேசன் பசங்க. அதா பாருங்க, காஞ்சு தொங்குதே, அதுதான். அவுக்கறதுக்கு மனசு வரலை.

மக பாத்துட்டா. "அப்பா, கேட்டைக் கட்டி வெச்சிருக்காங்க. மேடையை அந்தப் பக்கம் மாத்துங்கப்பா"ன்னா. விடிஞ்சா விசேசம், அப்ப வந்து மேடையை மாத்துங்கறா. நல்ல காரியத்துக்குக் கட்டின வாழைமரத்தை அவுப்பாங்களா? நான் சொன்னேன், கண்ணு, வேலி எதுக்கு, நானே வேலி. நான் நிக்கறேன். ஒரு அடி நகர மாட்டேன்னேன். அப்புறம் உள்ள போயி ஒரு அட்டை கொண்டாந்தா.

அங்க ஒரு பழக்கமாம் தம்பி. கூட்டம் கூடற எடத்துல, இன்னொருத்தரு பாத்துக்குவாங்கன்னு ஒவ்வொருத்தரும் நெனைச்சுக்குவாங்களாம், கடைசியில ஒருத்தரும் பாக்க மாட்டாங்களாம். அதனால ஒருத்தரு கழுத்துல ஒரு அட்டையை மாட்டி உட்டுருவாங்க. யாரு கழுத்துல அட்டை இருக்குதோ அவங்க தண்ணியை உட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. போன் பேசக் கூடாது, சாப்பிடக் கூடாது. ஒண்ணுக்குப் போறதுன்னாலும் இன்னொருத்தரைக் கூப்பிட்டு, அவங்க கழுத்துல மாட்டி உட்டுட்டுத்தான் போகோணும். செவப்பு நாடா, மஞ்ச அட்டை. அதைக் கொண்டாந்து எம்பட கழுத்துல போட்டு, 'இது உங்ககிட்டதாம்ப்பா இருக்குது'ன்னா.

பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, மேல மஞ்ச அட்டை. வர்ற ஒரம்பரையெல்லாம் கேக்கறாங்க. "ஏனுங் சென்னியப்பண்ணா, எந்த ரூட்டுல கண்டக்டரு?"ங்கறான் ஒருத்தன். இன்னொருத்தன், "அண்ணா, டோக்கன் நம்பரு கூப்புட்டாச்சுங்களா?"ங்கறான். சிரிச்சுக்கிட்டே நின்னேன். மகளுக்காகத்தானே. நின்னேனுங்க தம்பி. அதை யாரும் சொல்றதில்லை. அத்தனை நேரம் நின்னேன்.

அப்ப ஒரு ஆளு ஓடியாந்து காதுல சொல்றான், நாச்சிமுத்தண்ணன் வந்துட்டாருங்க, ரோட்டு வாசல்ல நிக்கறாரு, உள்ள வரலைன்னு. சீர்த்தட்டெல்லாம் வண்டியில இருக்குது, மகன் பட்டு வேட்டியோட நிக்கறான், இவரு நவுர மாட்டேங்கறாரு. புரியுதுங்களா? நான் போயி 'வாங்க'ன்னு கேக்கோணும். வேற யாரு போனாலும் ஆகாது. திரும்பிப் போயிட்டாருன்னா எம்பட பேத்திக்கு மாமன் மடி இல்லை. நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணுவீங்க?

அட்டையைக் கழுத்துல தொங்க உட்டுக்கிட்டு அவரு முன்னால போயி நிக்க முடியுமா? கழட்டினேன். சுத்தியும் பாத்தேன், சட்டுன்னு கைக்கு யாரும் அகப்படலை. வாழைமரத்துல மாட்டிட்டுப் போனேன். சித்தெ நேரம். போயி ரெண்டு கையும் புடிச்சு, 'வாங்கண்ணா'ன்னேன். சந்தனம் குடுத்தேன், பன்னீர் தெளிச்சேன். மனுசனுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. "நீயே வந்து கேட்டுட்டியே தம்பி, அது போதும்"னாரு. மேளம் அடிச்சு, சீர்த்தட்டு வரிசையா எறங்குது. உள்ள இருந்த சனமெல்லாம் வாசப்பக்கம் திரும்பி வேடிக்கை பாக்குது. எத்தனை வருசத்துப் பகை. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு.

அவரை மேளத்தோட வர உட்டுட்டு நான் முன்னால திரும்பி வர்றேன், வசந்தாமணி குளத்துப் படியில உக்காந்திருக்கறா. பட்டுச் சேலையெல்லாம் தண்ணி சொட்டுது. மடியில புள்ள. மக மேல ரூம்புல சேலை மாத்தப் போயிருந்தா, புள்ளையை யாருகிட்டயோ குடுத்துட்டுப் போனாளாம், அவங்க இன்னொருத்தருகிட்டக் குடுத்தாங்களாம். மெதக்கற பூவை எடுக்கறதுக்குக் குனிஞ்சிருக்கும் போல. வசந்தாமணி எங்கிருந்து பாத்தாளோ, சேலையோட குதிச்சுத் தூக்கிட்டா. அவளுக்கு மட்டும் நீச்சல் எப்படித் தெரியும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலைங்க. எங்கிட்டச் சொன்னதே இல்லை.

ஒண்ணும் ஆகலைங்க தம்பி. வாந்தி எடுத்துச்சு, இருமுச்சு, கண்ணு முழிச்சுத்தான் இருந்துச்சு. நான் வசந்தாமணிகிட்டக் குனிஞ்சு சொன்னேன், சொல்லாத, கோகிலவாணிகிட்ட இன்னிக்குச் சொல்லாத, நல்லபடியா முடியட்டும், நாச்சிமுத்தண்ணன் இப்பத்தான் படியேறியிருக்கறாருன்னு. அவ சரின்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை. எங்க ஊட்டுல அவ ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னுதாங்க அர்த்தம். கல்யாணமான நாள்ல இருந்து அப்படித்தான். புள்ளைக்குத் தலை தொவட்டி, வேற பாவாடை போட்டு உட்டு, அவளும் சேலை மாத்திக்கிட்டா. பாவாடை ஏன் மாத்தினீங்கன்னு மக வந்து கேட்டதுக்குப் பன்னீர்ச் சொம்பு கவுந்துருச்சு கண்ணுன்னு நான் சொல்லிட்டேன்.

காது குத்தினாங்க. அந்தப் புள்ளையைப் பாக்கோணும் நீங்க. எல்லாக் குழந்தையும் அலறும். இது ஒரு சத்தம் இல்லை. மாமன் மடியில அப்படியே உக்காந்திருந்துச்சு. ஊசி எறங்கறப்பக்கூட எங்கயோ பாத்துக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் சென்னியப்பன் பேத்தி தைரியசாலின்னாங்க. நாச்சிமுத்தண்ணன் சொன்னாரு, இது நம்ம வம்சத்து ரத்தம்னு.

சாயங்காலம் கொஞ்சம் இருமுச்சு. சோறு வேண்டாம்னு படுத்துக்கிச்சு. எந்தக் குழந்தைக்குத்தான் இருமல் வராது? கூட்டத்துல அலைஞ்ச அலுப்புன்னேன். வசந்தாமணி நேரா மககிட்டப் போனா. ஒரம்பரை நாலு பேரு இருக்கறாங்க, மாப்பிள்ளையோட அப்பா அம்மா உக்காந்திருக்கறாங்க, அத்தனை பேருக்கும் முன்னால, 'புள்ள தண்ணியில உளுந்துருச்சு கண்ணு, மத்தியானமே. ஆஸ்பத்திரிக்கு வண்டியெடு'ன்னா. என்னைய ஒரு வார்த்தை கேக்கலை. திரும்பிக்கூடப் பாக்கலை.

கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. நொரையீரல்ல தண்ணி போயிருக்குதுன்னு மூக்குல குழாய் வெச்சுப் படுக்க வெச்சுட்டாங்க. இன்னும் தாமசம் பண்ணியிருந்தாச் செரமம்னு டாக்டரு சொன்னாராம். டாக்டருங்க அப்படித்தானுங்களே சொல்லுவாங்க. புள்ளை தேறிருச்சு. அதைத்தானே பாக்கோணும்?

மக அழுகலைங்க. சண்டையும் போடலை. போட்டிருந்தா நான் தாங்கியிருப்பேன். அந்த வராந்தாவுல என்னைய நிக்க வெச்சு, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"அட்டையை யாருகிட்டப்பா குடுத்தீங்க?"

மாப்பிள்ளை நிக்கறாரு. சம்பந்தி நிக்கறாங்க. நர்சு புள்ளைங்க ரெண்டு பேரு போறப்ப வர்றப்பப் பாக்கறாங்க. நான் என்ன சொல்லுவேன்? உங்கம்மாகிட்டத்தான் குடுத்துட்டுப் போனேன் கண்ணுன்னேன்.

வசந்தாமணி அங்க செவுத்தோரமா நின்னுக்கிட்டு இருந்தா. மத்தியானம் நனைஞ்ச தலை, பின்னிக்கூட உடலை. அவ சொல்றா, "எங்கிட்டக் குடுக்கலை. வாழைமரத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் பாத்துட்டுத்தான் ஓடினேன்."

இதுதானுங்க தம்பி. இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன துரோகம் வேணும்? ஆமான்னு ஒரு வார்த்தை. அம்மா மேல கோவம் வந்தா மகளுக்கு எத்தனை நாளைக்கு நிக்கும்? ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பா, அப்புறம் அம்மா மடியிலயே போயிப் படுத்துக்குவா. பொம்பளைங்களுக்குள்ள அது சரியாப் போயிரும். அப்பன் அப்படியா? அது வசந்தாமணிக்குத் தெரியாதா? தெரிஞ்சும் சொன்னா. அத்தனை பேருக்கும் நடுவுல என்னைப் பொய்யனாக்கிட்டா. இவளுக்கு நான் என்ன கொறை வெச்சேன்? ஒரு நாள் அடிச்சிருப்பனா? கேட்டதை வாங்கிக் குடுக்காம இருந்திருப்பனா? அவ ஒண்ணும் கேட்டதில்லை, அது வேற விசயம்.

மக 'சரிப்பா'ன்னு மட்டும் சொன்னா. வேத்து ஆளுககிட்ட சொல்ற மாதிரி. ஆஸ்பத்திரியில இருந்து நேரா ஈரோட்டுக்குப் போயிட்டாங்க, மாப்பிள்ளை ஊட்டுக்கு. இங்க வரலை. சாமானெல்லாம் டிரைவரு வந்து எடுத்துட்டுப் போனான். புள்ளையோட நீச்சல் டிரெஸ்ஸு கொடியில காஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அதையும் கேட்டு வாங்கிட்டான்.

வசந்தாமணியும் அவங்ககூட ஆஸ்திரேலியாவுக்கே போயிட்டா. முன்னமே விசா எடுத்து வெச்சிருந்துச்சு, பிரசவத்துக்குப் போனப்ப எடுத்தது, அதைப் புதுப்பிச்சு வெச்சிருந்திருக்கறா, எனக்குத் தெரியாது. நீயும் போறியான்னு கேட்டேன். 'சோத்துக்கு ராமாத்தாகிட்டச் சொல்லியிருக்கறேன், பிரஷர் மாத்திரை அலமாரியில மேல்தட்டுல இருக்குது'ன்னா. அவ்வளவுதான் பதிலு. நானும் சொல்லிட்டேன், செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்டு வர்றதுன்னா வா, இல்லாட்டி அங்கயே இருந்துக்கன்னு. ஆம்பளைக்கு அது கூட இல்லாட்டி எப்படி? அங்கயே இருந்துக்கிட்டா. இப்ப வாராவாரம் ராமாத்தாளுக்குப் போன் வருது, காலையில வந்து சமைச்சு வெச்சுட்டுப் போறவ. மாத்திரை சாப்பிடறாரா, ரசம் வெச்சாத் தொடறாரான்னு கேக்கறாளாம். இங்க சமையக்கட்டுல நின்னு பேசறா ராமாத்தா, எனக்குக் காது கேக்காதுன்னு நெனைச்சுக்கிட்டு. போனைக் குடுன்னு நான் கேக்கறதில்லை. அவளும் குடுன்னு சொல்றதில்லை.

மாப்பிள்ளை ஒருக்காப் பேசினாரு. 'கொஞ்ச நாளைக்குக் கூப்பிட வேண்டாங்க மாமா, வாணி மனசு சரியில்லை'ன்னாரு. கொஞ்ச நாள்னா எத்தனை நாள்? நான் கூப்பிட்டா இப்ப ரிங்கே போறதில்லை. நம்பரை அடைச்சு வெச்சுட்டா போல. நானும் உட்டுட்டேன். நமக்கும் ரோசம் இருக்குதுங்களே.

குடிங்க தம்பி, இளநி வந்துருச்சு. உங்களுக்குக் குழந்தைங்க இருக்குதுங்களா? சின்னதா? சரி, சரி. தாராளமாக் கட்டுங்க. கான்ட்ராக்டரு நல்ல மனுசன், வேலை சுத்தம். வேலி போடறதுன்னாப் போடுங்க, அது உங்க இஷ்டம். என்னைக் கேட்டா வேலியில ஒண்ணும் இல்லீங்க. இத்தனை கம்பியும் போட்டு என்ன ஆச்சு? ஊட்டுல இருக்கறவங்க மனசு ஒண்ணா இருக்கோணும். சம்சாரம் ஒரு வார்த்தை சேத்துப் பேசியிருந்தா இன்னிக்கு இந்தத் தண்ணியில எம்பட பேத்தி இருப்பா.

ஏனுங்க தம்பி, உங்க போன்ல வாட்சப்பு இருக்குதுங்களா? வெளிநாட்டுக்குப் பேசினாக் காசு ஆகாதுங்களே? இல்லை, சும்மாத்தான் கேட்டேன். உங்க நம்பரு கோகிலவாணிக்குத் தெரியாது பாருங்க. எடுப்பா. இந்நேரம் அங்க வெளக்கு வெச்சிருப்பாங்க, வேலையை முடிச்சுட்டு ஊட்டுலதான் இருப்பா. நம்பரு எனக்கு மனப்பாடம், சொல்றேன், போடுங்க. சத்தமாக் கேக்கற மாதிரி வெச்சுருங்க. நான் பேச மாட்டேன். குரலை மட்டும் கேட்டுக்கறேன். சின்னது ஓடற சத்தம் கேட்டாலும் கேக்கும்.

ரிங் போகுதுங்களா? போகுது, போகுது.

எடுத்துட்டா. உஷ்.

கேட்டீங்களா? 'யாருங்க பேசறீங்க'ங்கறா. ஒண்ணும் சொல்லாதீங்க, இருங்க. இன்னும் கொஞ்சம் பேசட்டும். இந்தியா நம்பருன்னு பாத்துட்டா. கேக்கறா பாருங்க, கேக்கறா பாருங்க, 'எங்கப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா'ன்னு கேக்கறா. 'ஹலோ, சொல்லுங்க, அப்பா நல்லாருக்கறாருங்களா?' என்னையத்தாங்க கேக்கறா.

சொல்லுங்க, நல்லாருக்கறாருன்னு சொல்லிருங்க. பாவம், பயந்துக்கறா.

வேண்டாம், வேண்டாம், இருங்க. நல்லா இல்லைன்னு சொல்லுங்க. படுத்த படுக்கையாக் கெடக்கறாருன்னு சொல்லுங்க தம்பி. அப்பத்தான் வருவா.